ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை

1986 ஜூன் வரை பென்னாகரத்தில் ராமக்காளைத் தெரிந்தவர்கள் என்றால், பட்டுநூல் கூடத்தில் அவளோடு வேலை செய்த பதினோரு பெண்கள், கூடத்து மேற்பார்வையாளர் கருப்பண்ணன், அவள் குடியிருந்த சந்தில் ஆறேழு வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். அதிகம் பேசுகிறவள் அல்ல. பெரியவர் சிறியவர் எல்லோரும் அவளை ‘ராமக்கா’ என்றே கூப்பிட்டார்கள். பெயரே அப்படி அமைந்துவிட்டதால் ஊரில் அவளுக்கு மூத்தவர் என்று யாரும் இல்லாமல் போனார்கள். கட்டிக்கொண்ட புதிதில் அவள் புருஷன் குப்புராஜுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடுகிறான் என்று பால் சங்கத்தில் சிரித்தார்கள். அதிலிருந்து அவன் ‘இந்தா புள்ள’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டான்.

குப்புராஜ் அந்தப் பால் சங்கத்தில் பால் சோதிப்பவன். காலையும் மாலையும் சுற்று ஊர்களிலிருந்து பால் வரும். அவன் கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்ப்பான். ‘தண்ணி’ என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால், கொண்டுவந்தவன் மறுபேச்சில்லாமல் கேனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவான். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அவர்களுக்குக் கல்யாணம் 1963இல். ராமக்காளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எட்டாவது வரை படித்திருந்தாள். குழந்தை பிறக்கவில்லை. சேலத்துக்கு இரண்டு தடவை போய் டாக்டரைப் பார்த்தார்கள். இருவரிடமும் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். குறை இருந்தால் அதைக் குறை சொல்லலாம். இல்லை என்றால் யாரைச் சொல்வது?

இரண்டாம் தடவை, 1970இல், சேலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நெரிசல். ராமக்காள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் மாற்றுப் புடவையும் வைத்த பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். எத்தனை மாசம் என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு கணம்தான் இருந்தது. அந்தக் கணத்தில் ராமக்காள் ‘அஞ்சு’ என்றாள். அதன் பிறகு அந்த அம்மாள் என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ராமக்காள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குப்புராஜ் பின்வாசல் பக்கம் தொங்கிக்கொண்டு வந்ததால் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் சொன்னாள். தர்மபுரி வரும்வரை தனக்கு அஞ்சு மாசம்தான் என்று சொல்லிவிட்டு அழுதாள். இனிமேல் சேலம் வேண்டாம், நாம் இரண்டு பேரே போதும் என்றாள். குப்புராஜ் ‘போதும்’ என்றான். அவன் பாலைப் பார்த்துவிட்டுச் சொல்லும் சொல்லைப் போல அவள் அதை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நடந்ததை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ‘ஏழாம் கணவாய்’ பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு வார இதழில் 1967இலிருந்து வந்துகொண்டிருந்த சித்திரத் தொடர். வாரம் இரண்டு பக்கம். மருதன், காந்தள் என்ற புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மலைக் கணவாயைக் காவல் காக்கிறார்கள். ஓவியர் குதிரையை நன்றாகப் போடுவார், மனிதர்களைச் சுமாராகப் போடுவார். கதை அதைவிடச் சுமார். புதிதாக வரும் ஒவ்வொரு பகைவனும் முந்தைய பகைவனுக்கு மீசையை மாற்றி வைத்ததாகவே இருப்பான். ஆனால் அதில் ஒரு விஷயம் வேறு எங்கும் இல்லாதது. மருதனும் காந்தளும் சேர்ந்தே சண்டைக்குப் போவார்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாகக் கதை கட்டுவதில்லை, வேலையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது ஒரு குறையாகச் சொல்லப்படவும் இல்லை. 1971இல் ஒரு வாரம், கணவாய் வழியாகப் போகும் கிழவி ஒருத்தி காந்தளிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறாள். காந்தள் குதிரையின் கால் லாடத்தைப் பார்த்தபடியே, “எங்களுக்கு நாங்கள் போதும்” என்கிறாள். ஒரே ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில் வேறு பேச்சு.

அந்தக் கட்டத்தை ராமக்காள் பல தடவை பார்த்தாள். தான் சொன்ன சொல்லை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அப்படியானால் அது சொல்லக்கூடிய சொல்தான். பக்கத்து வீடுகளில் வளைகாப்புக்கும் பெயர் வைப்பதற்கும் போய்வந்த நாட்களில் அவளுக்கு இது துணையாக இருந்தது. காகிதத்தில் வரைந்த ஒருத்தி துணையா என்று கேட்கலாம். துணை என்பது பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது.

வியாழக்கிழமை மாலை குப்புராஜ் இதழை வாங்கி வருவான். இருவரும் ஒரே பிரதியை நடுவில் வைத்துப் படிப்பார்கள். பத்தொன்பது வருஷம் இப்படிப் போயிற்று. மருதனுக்கும் காந்தளுக்கும் வயதாகவில்லை. இவர்களுக்கு ஆயிற்று.

1986 ஏப்ரலில் இதழில் ஒரு அறிவிப்பு வந்தது. மருதனும் காந்தளும் ஓய்வு பெற விரும்புகிறார்கள்; அவர்களுடைய பிள்ளைகளை வைத்து இந்தக் கதை தொடரலாமா, அல்லது முடித்துவிடலாமா? வாசகர்களே தீர்மானிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை. வீட்டில் கலந்து பேசி, ‘தொடரலாம்’ அல்லது ‘முடிக்கலாம்’ என்று எழுதி, காரணத்தை ஐந்தாறு வரிகளில் சொல்ல வேண்டும்.

“எந்தப் பிள்ளைகள்?” என்றாள் ராமக்காள். குப்புராஜ் பக்கத்தைத் திருப்பினான்.

மறுநாள் பட்டுநூல் கூடத்தில் இதே பேச்சுதான். அங்கே வேலை என்பது கொதிநீர்த் தொட்டியில் மிதக்கும் பட்டுக்கூடுகளின் இழைநுனியைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுப்பது. கை வெந்துகொண்டே இருக்கும். வாய் சும்மாதான் இருக்கும். கருப்பண்ணன் இதழ் வாங்குகிறவர், பெண்களில் ஐந்தாறு பேர் அவரிடம் வாங்கிப் படிப்பவர்கள். தொடர வேண்டும் என்பது அவர் கட்சி. கதை முடிந்துவிட்டால் வியாழக்கிழமை எதற்கு வருகிறது என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை வரணுமே, அதுக்குத்தான்” என்றாள் மாதம்மாள். ராமக்காளுக்குப் பக்கத்துத் தொட்டிக்காரி, அங்கே அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. கூடமே சிரித்தது. ஆனால் மாதம்மாளும் தொடர வேண்டும் என்ற கட்சிதான். இவ்வளவு பாடுபட்டுக் காத்த கணவாயை யாருக்கு விட்டுவிட்டுப் போவார்கள் என்பது அவள் கேள்வி.

“அடுத்து யாரு வந்து நிக்கிறாங்களோ அவங்களுக்கு” என்றாள் ராமக்காள். “பெத்ததுதான் காக்கணும்னு என்னா இருக்கு?”

“உனுக்குப் புரியாது ராமக்கா” என்று ஒருத்தி சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராமக்காள் கேட்காதது போல நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பேச்சில் எல்லோருக்கும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. தொடர வேண்டும் என்றவர்கள் மருதனையும் காந்தளையும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் விரும்பியது வியாழக்கிழமையை. அதில் தப்பு இல்லை, மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது எதையாவது எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ராமக்காளின் வாதம் வேறு. ஒரு கதை எப்படி வேண்டுமானாலும் முடியலாம். ஆனால் முடிவை நீட்டுவதற்காக நடுவில் சொன்னதை மாற்றக் கூடாது. பிள்ளைகள் இல்லை என்று பத்தொன்பது வருஷம் சொல்லிவிட்டு இருபதாவது வருஷம் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பத்தொன்பது வருஷமும் என்ன ஆவது?

அன்று மாலையே அவள் அட்டை எழுதினாள். கூட்டிலிருந்து பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அந்தக் கூட்டில் ஒரே இழையாக நூல் எடுக்க முடியாது, துண்டு துண்டாகத்தான் வரும், இந்தக் கதையும் அப்படி ஆகிவிடும், ‘எங்களுக்கு நாங்கள் போதும்’ என்று காந்தளே சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னபடி விட்டுவிடுங்கள், முடிக்கலாம். கீழே ராமக்காள், பென்னாகரம் என்று கையெழுத்துப் போட்டாள். குப்புராஜிடம் காட்டினாள். வீட்டில் கலந்து பேசி என்று போட்டிருந்ததே, உங்களுக்கும் இதுதானே என்று கேட்டாள். அவன் இரண்டு தடவை படித்தான். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றான். சங்கத்துக்குப் போகும் வழியில் தபால் ஆபீசில் போட்டுவிடுகிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

முடிவு ஜூன் இரண்டாம் வாரம் வந்தது. அந்த வியாழக்கிழமை பகல் கருப்பண்ணன் கூடத்துக்குள் வரும்போதே இதழைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தார். நம் ராமக்கா பெயர் புத்தகத்தில் வந்திருக்கிறது, கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார். ராமக்காள் எழுந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். தன் பட்டுக்கூட்டு உவமையைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. சக்கரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, கருப்பண்ணன் உரக்கப் படித்தார்.

“எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். குழந்தை இல்லை. சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்து, எத்தனை மாதம் என்று கேட்டார். ஐந்து என்றேன். தர்மபுரி வரும்வரை எனக்கு ஐந்து மாதம். மருதனுக்கும் காந்தளுக்கும் பிள்ளைகள் இருக்கட்டும். யாருக்காவது இருக்கட்டும். தொடரலாம். ராமக்காள், பென்னாகரம்.”

படித்து முடித்தபோது கருப்பண்ணனின் குரல் ஆரம்பத்தில் இருந்தது போல இல்லை. உனக்குப் புரியாது என்று அன்று சொன்னவள் அழத் தொடங்கினாள். மாதம்மாள் வந்து ராமக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமக்காள் கையைக் கொடுத்துவிட்டு நின்றாள். இது நான் எழுதியதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி யார் எழுதினார்கள் என்பது. அதற்குப் பதில் ஒன்றுதான், ஏனென்றால் பஸ்ஸில் நடந்தது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் மறுபடியும் உட்கார்ந்து தொட்டியில் கையை விட்டாள்.

எழுத்து என்று பார்த்தால் அந்த அட்டையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பத்தொன்பது வருஷத் தொடரில் அப்படி ஒரு வரி வந்ததில்லை. ஆனால் அதில் இருந்த நல்ல வரிகூட குப்புராஜுடையது அல்ல. அவள் அழுதுகொண்டே சொன்னதை அவன் அப்படியே எடுத்து வைத்திருந்தான்.

மாலையில் அவன் வந்தபோது கையில் இதழ் இருந்தது. பிரிக்காமல் சுருட்டிப் பிடித்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

“நான் எழுதிக் குடுத்த அட்டை எங்கீங்க?”

“கிழிச்சுப் போட்டுட்டேன்” என்றான். பிறகு தானாகவே பேசத் தொடங்கினான். முதலில் அவள் அட்டையைத்தான் போடப் போனானாம். தபால் ஆபீசில் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றபோது, ‘எங்களுக்கு நாங்கள் போதும்’ என்ற வரியைத் திரும்பப் படித்தானாம். தன் கையால் அதைப் பெட்டியில் போட முடியவில்லையாம். புது அட்டை வாங்கித் தன் பெயரில் ஏதோ எழுதிப் பார்த்தானாம். வரவில்லையாம்.

“ஆம்பள பேர்ல இதெல்லாம் எழுதுனா சிரிப்பானுங்க. உன் பேரைப் போட்டுட்டு ஆரம்பிச்சேன். தானா வந்துச்சு.”

“என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டா வேண்டாம்ப.”

“தெரியுதுல்ல?”

அவன் சுருட்டியிருந்த இதழைக் கீழே வைத்தான். பிறகு, பால் கேனுக்கு முன்னால் நிற்கிறவனின் குரலில், “அதுல ஒரு சொட்டு பொய் இருக்கா? நீயே சொல்லு” என்றான்.

“பொய் இல்லீங்க” என்றாள் ராமக்காள். “அது என்னுது.”

அவளுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு அவளுக்குத் தோன்றியது உண்டு. அன்றைக்குப் போதும் என்று சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டாள். குப்புராஜ் இதற்குத் தயாராக இல்லை, அதனால் நிஜமான பதிலைச் சொல்லிவிட்டான்.

“நீ அழுதுக்கிட்டிருந்த. வேற என்னா சொல்றது?”

அடுத்த வியாழக்கிழமை மருதன், காந்தளின் பிள்ளைகள் வந்தார்கள். இரட்டையர்கள். ஒரு பையன், ஒரு பெண். பதினேழு வயது. மலைக்குப் பின்னால் ஒரு ஊரில் தாத்தா பாட்டி வளர்த்திருக்கிறார்கள். பகைவர்களுக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாளும் மறைத்து வைத்தோம் என்று காந்தள் கண்ணீர் விட்டாள். ஓவியர் கண்ணீரையும் சுமாராகத்தான் போட்டிருந்தார். ராமக்காள் இதழைக் கேட்டு வாங்கித் தனியாகப் படித்தாள். எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. பதினேழு வயது என்றால் 1969இல் பிறந்தவர்கள். எழுபத்துநாலில் கணவாய் முழுவதும் தீப்பிடித்து, மருதனும் காந்தளும் நாலு வாரம் குகையில் கிடந்தார்களே, அப்போது ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றி இரண்டு பேரில் ஒருவராவது ஒரு வார்த்தை பேசினார்களா? அதையும் விட்டுவிடலாம். எழுபத்தொன்றில் கிழவி கேட்டபோது? அப்போது காந்தளுக்கு இரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். லாடத்தைப் பார்த்துக்கொண்டு போதும் என்று சொன்னாளே, அந்தக் கட்டத்தில் அவள் முகத்தை ஏன் காட்டவில்லை என்பது ராமக்காளுக்கு இப்போது புரிந்தது போல இருந்தது. அவள் வாழ்க்கையில் நம்பிய ‘போதும்’ இரண்டு. ஒன்றைக் குப்புராஜ் சொன்னான், மற்றொன்றைக் காந்தள் சொன்னாள். இரண்டும் அழுகிறவளையோ கிழவியையோ அந்த நேரத்துக்குச் சமாளிக்கச் சொன்னவை.

பழைய இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து வைத்திருந்த பக்கங்களை அவள் எரிக்கவோ எடைக்குப் போடவோ இல்லை. திரும்பப் படிக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் வரையப்படாத இரண்டு பிள்ளைகள் நின்றார்கள்.

ஊரில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சந்தில் இருந்தவர்கள் அவளிடம் பேசும் குரலை மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி கோயில் பெயர் சொன்னாள், ஒருத்தி நாட்டு வைத்தியர் பெயர் சொன்னாள். நாற்பத்திரண்டு வயதில் இனி என்ன என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. பால் ஊற்ற வருகிறவர்கள் குப்புராஜைப் பார்த்து, வீட்டம்மா எழுதியதைப் படித்தோம் என்றார்கள். அவன் தலையை ஆட்டினான். இருபத்துமூன்று வருஷமாக அவள் தள்ளி வைத்திருந்த பரிதாபம் முழுவதும் ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தது.

ஜூலை கடைசியில் மாதம்மாள் ஒரு நாள் வேலை முடிந்ததும் அவளைத் தனியாக நிறுத்தினாள். அவளுடைய தங்கை சாலம்மாள் வத்தல்மலையில் இருக்கிறாள். பிள்ளைகள் நாலும் பெண்கள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், எப்போதாவதுதான் வருவான். கடைசிப் பெண்ணுக்கு இரண்டு வயது.

“ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு ராமக்கா. உன்கிட்ட கேக்க பயம். நீ வேண்டாங்கற ஆளுன்னு நெனச்சிருந்தேன். அந்தக் கடுதாசியப் படிச்சப்பறம்தான் கேக்கலாம்னு தைரியம் வந்துச்சு. தங்கச்சியும் சரிங்கறா. நீ எடுத்துக்கறியா?”

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ராமக்காள் சொல்லவில்லை. இரண்டு நாள் கொடு என்றாள்.

அந்த இரண்டு நாள் நாலு நாளாயிற்று. தனக்கு என்ன வேண்டும் என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. பதினாறு வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி உடனே பேசாது. ஆனால் வேறு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கு வேண்டும். திருடி எழுதும் அளவுக்கு வேண்டும். அப்படியானால் அவன் அதைச் சொல்லட்டும், தன் வாயால், தன் பெயரில், ஒரு ஆள் முன்னால். அதைச் செய்துவிட்டால் அட்டையை மன்னிக்கலாம். அந்தக் குழந்தையை அவளால் வளர்க்கவும் முடியும். வெள்ளிக்கிழமை காலை அடுப்படித் தரையில் இருந்த மண்ணெண்ணெய் டின்னை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். அரிவாள்மணையைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்தாள். அதைச் செய்த பிறகுதான் எதற்குச் செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அது பொய்யில்லை. பிறகு அது மெல்ல வடிந்தது. வத்தல்மலையா என்றான். நடக்கிற குழந்தையா என்றான். தனக்கு நாற்பத்தெட்டு ஆகிறது என்றான்.

“எல்லாத்தையும் யோசிங்க” என்றாள். “எனக்குச் சம்மதம். நீங்க வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. ஒண்ணுதான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை மாதம்மா வூட்டுக்கு நீங்களே போங்க. உங்களுக்கு என்னா வேணுமோ அத உங்க வாயால சொல்லிட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் முடிந்ததும் அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். சொல்லிவிட்டேன் என்றான். என்னவென்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

ராமக்காளுக்கு அது வலித்தது. எவ்வளவு வலித்தது என்பதிலிருந்துதான் தான் எவ்வளவு தயாராகிவிட்டிருந்தோம் என்று அறிந்தாள். ஆனாலும் அவன்மேல் ஒரு சிறு மரியாதை வந்தது. ஆசை இருப்பது ஒன்று, ஆசைப்பட்டவன் என்று எழுதிக்கொள்வது வேறு. அவனுக்கு இருந்தது இரண்டாவது. அதை ஒரு ஆள் முன்னால் போய் நின்று ஒப்புக்கொள்வது எளிதல்ல. அப்படி நினைத்துக்கொண்டு அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை மாதம்மாள் காலை முழுவதும் பேசவில்லை. பக்கத்துத் தொட்டியிலிருந்து நுனி கேட்டால் எடுத்துத் தருகிறவள், அன்று தன் வேலையைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வெளியே போன பிறகு தூக்குப்போணியை மூடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“வேண்டாம்னா நீயே நேர்ல சொல்லியிருக்கலாம் ராமக்கா. பாவம், அவரைத் தூது அனுப்பிச்சிருக்க. வந்து உக்காந்து கண்ணு கலங்கறாரு மனுஷன்.”

“என்னா சொன்னாரு?”

மாதம்மாள் அவளை வெறித்துப் பார்த்தாள். தெரியாதது போலக் கேட்கிறாளே என்ற கோபம் அவள் குரலில் வந்தது. தனக்கு ஆசைதான் என்றாராம். நேற்றே போய்த் தூக்கிக்கொண்டு வரலாம் என்றுதான் இருந்தாராம். ஆனால் ராமக்காளுக்கு மனசு வரவில்லையாம். தன் வயிற்றில் பிறந்திருந்தால் சரி, இன்னொருத்தி பெற்றதை எடுத்து வளர்க்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

“புத்தகத்துக்கு ஒண்ணு எழுதற, ஆளுக்கு ஒண்ணு சொல்ற. என் தங்கச்சி அந்தக் கடுதாசிய யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அழுதிருக்கா, தெரியுமா?”

வெளியே பெண்கள் கை கழுவும் சத்தம் கேட்டது.

“அந்தக் கடுதாசியும் நான் எழுதல மாதம்மா. இந்தப் பதிலும் நான் சொல்லல.”

“அப்ப உன் வூட்டுல நீதான் என்னா சொன்ன?”

“சரின்னு சொன்னேன்.”

மாதம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். நம்ப முயன்றாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவள் கெட்டவள் அல்ல. ஆனால் ஒரு பக்கம் அச்சில் வந்த கடிதம் இருந்தது, இன்னொரு பக்கம் ஊரே நம்பும் மனிதன் நேரில் வந்து உட்கார்ந்து சொன்ன சொல் இருந்தது. நடுவில் இந்த ஒரு வார்த்தைக்கு எந்த ஆதாரமும் இல்லை. புருஷன்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றும் அவளுக்குப் பட்டிருக்கலாம். தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மணி அடித்தது. கருப்பண்ணன் வந்து சக்கரங்களைப் போடச் சொன்னார். மறுநாள் மாதம்மாள் அவரிடம் கேட்டு, கண்ணில் ஆவி அடிக்கிறது என்று காரணம் சொல்லி, ஜன்னல் ஓரத்துத் தொட்டிக்கு மாறிக்கொண்டாள்.